உடைந்த கார் ஜன்னல் கண்ணாடி: வீட்டுக்கு வரும் மெக்கானிக்கா, வொர்க்ஷாப்பா?

கதவில் ஏறி இறங்கும் கண்ணாடி என்றால் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாம். அது பசையில் ஒட்டியதல்ல. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரில் போல்ட்டோ கிளிப்போ பிடித்திருக்கும். மாட்டியதும் வண்டியை எடுக்கலாம். பின்கதவை ஒட்டிய அசையாத சிறு கண்ணாடி வேறு வகை. பல வண்டிகளில் அது யூரித்தேன் பசையில் நிற்கிறது. தூசியும் மழையும் படாத வொர்க்ஷாப்தான் அதற்குச் சரி. பசை இறுகும்வரை வண்டி அங்கேயே நிற்கட்டும்.

வாசலில் நடக்கும் வேலையில் அதிகம் கோட்டை விடுவது சுத்தம் செய்வதில்தான். டெம்பர்டு கண்ணாடி பொடிப்பொடியாகிக் கதவின் அடிவரை இறங்கிவிடும். கதவின் உட்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை விலக்கி, வேக்யூம் போட வேண்டும். ரப்பர் சேனலில் ஒரு சில்லு தங்கினாலும் புதுக் கண்ணாடியில் கோடு விழும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளை அடைத்தால் நீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும். ஷீட்டைச் சரியாக ஒட்டாவிட்டால் மழைநீர் காருக்குள் கசியும். மெக்கானிக் வேக்யூம் கொண்டுவருவாரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

ரெகுலேட்டரும் வளைந்திருந்தால் வாசல் வேலை பாதியில் நிற்கும், அப்போது வொர்க்ஷாப்தான்.

இன்சூரன்ஸ் கிளைமுக்கும் வொர்க்ஷாப் வசதி. கண்ணாடிக்குத் தேய்மானம் என்று தொகையைப் பிடிப்பதில்லை, ஆனால் கிளைம் செய்யாததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் போகலாம். விலை குறைந்த கண்ணாடிக்குக் கைக்காசே மேல்.

எங்கே மாற்றினாலும் கண்ணாடி மூலையில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஆட்டோ-அப் (ஒரே அழுத்தில் முழுக்க ஏறும் வசதி) உள்ள ஜன்னலை ரீசெட் செய்யச் சொல்லி, முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.