சர்ச் கல்யாணத்துக்கு வெள்ளைக் கவுனா, ஹாஃப் ஒயிட் பட்டா?

சர்ச்சில் கல்யாணம் என்று முடிவானதும் பெண் வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான். பாளையங்கோட்டை, நாகர்கோவில், தூத்துக்குடி பக்கம் இரண்டு வழக்கமும் உண்டு. நான் ஹாஃப் ஒயிட் காஞ்சிபுரம் பட்டு கட்டி, தலைக்கு நெட் போட்டு நின்றேன். என் சித்தி மகள் கவுன் போட்டாள். நான் உடம்பு பெருத்தவள், அவள் ஒல்லி. இரண்டு உடைக்கும் துணிக்கடை, டெய்லர் கடை என்று கூடவே அலைந்ததால் இரண்டைப் பற்றியும் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. சேலைப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கவுனை அந்த ஒரு நாளுக்குப் பிறகு போட இடமில்லை, அதனால்தான் வாடகைக்கு எடுப்பவர்கள் அதிகம். பட்டை ஈஸ்டருக்குக் கட்டலாம், பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக் கட்டலாம். நிஜச் சரிகையில் வெள்ளி இழை இருப்பதால் பழைய பட்டுக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. வெள்ளைப் பட்டு நாளாக நாளாகப் பழுப்பேறும். பருத்தித் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது மடிப்பை மாற்ற வேண்டும். கவுனை மடித்து வைக்கவே பெரிய இடம் வேண்டும். அவ்வளவுதான், இதையெல்லாம் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை.

“சர்ச் என்றால் கவுன்தான் முறை” என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பெண் வெள்ளை உடுத்த வேண்டும் என்று வேதாகமத்தில் எங்கும் கட்டளை இல்லை. விக்டோரியா ராணி 1840 பிப்ரவரியில் தன் கல்யாணத்துக்கு வெள்ளை சாட்டின் கவுன் அணிந்த பிறகுதான் இங்கிலாந்திலேயே அது பெரிய நாகரிகமாகப் பரவியது. அதற்கு முன் அங்கேயும் பெண்கள் தங்களிடம் இருந்த நல்ல உடையை, எந்த நிறமானாலும், போட்டுக்கொண்டு போனார்கள். எங்கள் ஐயர் (சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டது ஒன்றே ஒன்று: தோளும் மார்பும் மூடியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு உடையும் சரிப்படும்.

இனி நான் முடிவெடுத்த இடத்துக்கு வருகிறேன். உடம்பு ஒரே அளவில் நிற்காது. நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் சில மாதங்கள் போகும். அதற்குள் பார்ப்பவர்கள் எல்லோரும், “கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் குறைச்சிரு மக்கா” என்பார்கள். சிலர் குறைவார்கள். பிசிஓஎஸ், தைராய்டு உள்ளவர்கள் பட்டினி கிடந்தும் குறையாமல் போகலாம், ஏறவும் செய்யலாம். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் வயிறு உப்பும். காலையில் எடுத்த இடுப்பளவு, சாப்பிட்ட பிறகு சாயங்காலம் எடுத்தால் வேறு. ஆகவே எந்த உடை நம் உடம்போடு கடைசி வாரம் வரை கூட வரும் என்பதைத்தான் நான் பார்த்தேன். மற்றதெல்லாம் எனக்கு அடுத்ததுதான்.

கவுனின் மேல்பாகம் மார்பு, இடுப்பு, அடிவயிறு மூன்றையும் ஒரே நேரத்தில் பிடித்துத் தைக்கப்படுவது. ஒன்று மாறினால் மற்றதும் இழுக்கும். பெரிதாகத் தைத்ததைப் பிடித்துச் சின்னதாக்குவது எந்த டெய்லருக்கும் வேலையே இல்லை. சின்னதைப் பிரித்துப் பெரிதாக்குவதுதான் பாடு. ரெடிமேட் கவுன்களில் தையலுக்கு உள்ளே விட்டிருக்கும் துணி பெரும்பாலும் கொஞ்சம்தான். அதன் மேல் லேஸும் முத்தும் தையலைத் தாண்டி ஓடியிருக்கும், அதைப் பிரித்து மறுபடி கோக்க வேண்டும். இதில் பெண்கள் பலர் செய்வது என்ன தெரியுமா? இன்றைய உடம்புக்கு வாங்காமல், குறைந்த பிறகு வரப்போகும் உடம்புக்கு வாங்குவார்கள். பிறகு அந்த மாதங்கள் முழுக்க அலமாரியில் தொங்கும் கவுன் அவர்களைப் பயமுறுத்திக்கொண்டே இருக்கும். சந்தோஷமாக இருக்க வேண்டிய காலம் அது. ஒரு துணிக்குப் பயந்து ஒரு பெண் சோற்றைத் தள்ளி வைப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கவுன் பக்கம் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். முதுகில் ஜிப்புக்குப் பதிலாகக் கயிறு கோத்துக் கட்டும் கார்செட் முதுகு இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். இரண்டு மூன்று அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் கயிற்றில் சரிசெய்துகொள்ளலாம். கயிறு விரியும்போது முதுகு தெரியாமல் இருக்க, உள்ளே அதே நிறத்தில் ஒரு துணிப் பட்டை வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். சித்தி மகளின் கவுன் அப்படித்தான். கவுன்தான் வேண்டும் என்று மனம் சொன்னால் அந்த வகையைத் தவிர வேறு எதையும் நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

சேலையில் உடலோடு ஒட்டி வெட்டித் தைத்தது எதுவும் இல்லை. ஐந்தரை மீட்டர் துணி, எப்படிச் சுற்றினாலும் அதே துணி. இடுப்பு இரண்டு அங்குலம் கூடினால் கொசுவத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முந்தானையை எங்கே பிடிப்பது, வயிற்றின் மேல் எவ்வளவு மறைப்பது, இடுப்புப் பக்கம் எவ்வளவு காட்டுவது எல்லாம் அன்று காலையில் கண்ணாடி முன்னால் முடிவு செய்துகொள்ளலாம். எனக்கு என் வயிற்றைப் பற்றி எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. முந்தானை மடிப்பைக் கொஞ்சம் அகலமாக விட்டு, இடுப்பில் ஒரு ஊக்கு குத்தியதும் அந்தக் கூச்சம் போன இடம் தெரியவில்லை. கவுனைக் கடையில் போட்டுப் பார்த்தபோது இரண்டு கைகளாலும் வயிற்றை மறைத்துக்கொண்டு நின்றேன். கையை எடுக்கவே மனம் வரவில்லை.

பெரிய உடம்புக்குச் சேலையில் ஒரு கணக்கு இருக்கிறது, கடையில் யாரும் சொல்வதில்லை. இடுப்புச் சுற்றளவு கூடக் கூட, சுற்றுவதற்கே அதிகத் துணி போய், கொசுவத்துக்குக் குறைவாக மிஞ்சும். கொசுவம் நாலைந்தாகக் குறைந்தால் நடக்கும்போது சேலை காலைப் பிடிக்கும். அதனால் சேலையோடு ஒட்டி வரும் ஜாக்கெட் துணியை வெட்டாமல் விட்டுவிட வேண்டும். அது ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் இருக்கும். அதை உள் சுற்றுக்குள் கொடுத்துவிட்டால் கூட இரண்டு மூன்று கொசுவம் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. பெரிய அளவில் முழங்கை வரை கை வைத்து ஜாக்கெட் தைக்க அந்த 80 சென்டிமீட்டர் பெரும்பாலும் போதாது. டெய்லர் ஒட்டுப் போடுவார், ஒட்டு அக்குளில் உறுத்தும். ஜாக்கெட்டுக்குத் தனியாக ராசில்க் எடுத்துக்கொண்டால் இரண்டு பிரச்சினையும் ஒரே அடியில் தீரும்.

சேலையில் அளவு என்று ஒன்று இருப்பது ஜாக்கெட்டில்தான், என் கவலை முழுக்க அதிலேயே இருந்தது. பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வருவது கல்யாணத்துக்கு உதவாது. நேரில் நின்று அளவு கொடுக்க வேண்டும், அன்று போடப்போகும் அதே உள்ளாடையோடு. பிரா மாறினால் மார்பளவும், மார்புக்கு வடிவம் கொடுக்கப் பிடித்துத் தைக்கும் டாட் வரும் இடமும் மாறிவிடும். பெருத்த மார்புக்கு நாலு டாட் ஜாக்கெட்டைவிட, டாட்டுக்குப் பதில் மார்பின் மேல் நீளமாகத் தையல் ஓடும் பிரின்சஸ் கட் நன்றாக உட்காருகிறது. கைக்குழி இறக்கமாக இருந்தால் வசதி என்று நாம் நினைப்போம். கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுக்க மேலே ஏறுவது அந்த இறக்கத்தால்தான். அக்குளுக்குக் கிட்டே ஏற்றி வெட்டினால் கை தனியாக அசையும், உடம்புத் துணி அங்கேயே நிற்கும். பூச்செண்டைப் பிடித்தபடி நெடுநேரம் நிற்கப் போகிறோம், இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு பக்கமும் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொன்னேன். எங்கள் டெய்லர் அக்கா எனக்கு முன்னாலேயே அதை முடிவு செய்து வைத்திருந்தார். “குறையட்டும்னு இப்பவே டைட்டா தைக்கச் சொல்றாங்க எல்லாரும். அன்னைக்கு மூச்சு விட வேண்டியது அவங்கதானம்மா” என்றார். ஆரி வேலை (கொக்கி ஊசியால் மணியும் கல்லும் வைத்துச் செய்யும் பூவேலை) செய்வதாக இருந்தால் இதை இன்னும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். ஆரி வேலை, துணியை வெட்டுவதற்கு முன்பே சட்டத்தில் கட்டிச் செய்வது. பக்கத் தையலுக்குச் சற்று முன்னாலேயே வேலையை நிறுத்தச் சொல்லாவிட்டால், பிறகு தையலைப் பிரிக்க மணியும் கல்லும் இடம் கொடுக்காது. கையிலும் அப்படியே. ஆரி வேலை செய்த கை கொஞ்சமும் இழுபடாது. புஜத்தைச் சுற்றி ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் வேண்டும்.

சர்ச் கல்யாணத்தில் முக்கால் நேரம் சபையார் பார்ப்பது நம் முதுகைத்தான். பாட்டு, ஜெபம், பிரசங்கம், முழங்காலில் நிற்பது எல்லாமே பீடத்தைப் பார்த்து. முன்பக்கக் கழுத்துக்கு நாம் செலவழிக்கும் யோசனையில் பாதியாவது பின்பக்கத்துக்கு வேண்டும். எனக்கு முதுகில் பிராப் பட்டைக்கு மேலே சதை மடியும், அதை நினைத்துத்தான் ஆழமான பின்கழுத்தை விட்டேன். மூடிய கழுத்து, பின்னால் மறைவாகக் கொக்கி, அதன் மேல் நெட். யாரோ பார்க்கிறார்களே என்ற நினைப்பு ஒரு நிமிஷம்கூட வரவில்லை, ஜெபத்தில் மனம் நின்றது. தாலி கட்டும் நேரத்தில் மதினி நெட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார், எந்தத் தடையும் இல்லை. கவுனில் கழுத்து வரை மெல்லிய வலை வைத்துத் தைப்பது இப்போது பரவலாக இருக்கிறது. அது பார்க்க அழகுதான், தாலிச் சங்கிலி அதன் மேல்தான் கிடக்கும், அது பலருக்குப் பிடிப்பதில்லை. முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்திலேயே எல்லாப் பட்டும் எல்லா உடம்புக்கும் ஒன்றில்லை. கோர்வை போட்ட, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைத்த, பெரிய கரையும் அடர்ந்த சரிகையும் உள்ள சேலை விறைப்பாக நிற்கும், வயிற்றுக்குக் கீழே கொசுவம் விரிந்து அகலமாகக் காட்டும். சாஃப்ட் சில்க் படிந்து விழும். படிவது அதிகமானால் உடம்பின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். நான் இரண்டுக்கும் நடுவில், சின்னக் கரையும் உடல் முழுக்க நெருக்கமில்லாத புட்டாவும் (சின்னப் பூ வேலைப்பாடு) உள்ள ஒன்றை எடுத்தேன். கொசுவத்தை முந்தைய நாளே மடித்து இஸ்திரி போட்டு வைக்க இப்போது ஆட்கள் இருக்கிறார்கள், பெருத்த இடுப்புக்கு அது பெரிய உதவி. உள்ளே மீன்வால் மாதிரி ஒட்டிப் பிடிக்கும் ஷேப்வேர் பாவாடை இடுப்பை ஒடுக்கிக் காட்டும். பீடத்தின் படியேறவும் முழங்காலில் நிற்கவும் அது விடாது என்று கட்டிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அகலப் பட்டி வைத்த பருத்திப் பாவாடை, முடிச்சு இடுப்பின் பக்கவாட்டில், அது போதும். நிறம் சேலையின் நிறமே இருக்க வேண்டும், ஹாஃப் ஒயிட்டில் வெள்ளைப் பாவாடைகூடத் தனியாகத் தெரியும்.

நிறத்தைப் பற்றிச் சொல்ல வந்ததால் இதையும் சொல்கிறேன். என்னைப் போல மாநிறமோ கறுப்போ ஆனவர்களுக்குச் சுண்ணாம்பு வெள்ளையைவிட சந்தனச் சாயல் ஓடும் ஹாஃப் ஒயிட் முகத்தோடு நன்றாகச் சேர்கிறது. கடை விளக்கில் பார்த்தால் தெரியாது, வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் தோளில் போட்டுப் பார்க்க வேண்டும். பட்டில் இந்தச் சாயல்கள் எத்தனையோ கிடைக்கும். கவுனில் நான் பார்த்த கடைகளில் பெரும்பாலும் பளிச்சென்ற வெள்ளைதான் இருந்தது. சொல்லித் தைத்தால் ஐவரியிலும் கிடைக்கும்.

ஒல்லியான உடம்பைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது குறைவு. சித்தி மகளின் கவலை எனக்கு நேர் எதிர். கழுத்தெலும்பும் தோள்பட்டையும் துருத்திக்கொண்டு தெரிகிறதே என்று. அவளுக்குச் சேலை கட்டிப் பார்த்தோம், கனத்த பட்டு அவளை மூழ்கடித்தது. லேஸ் வைத்த முழுக்கைக் கவுனில் தோள் வட்டமாகத் தெரிந்தது, அவள் முகமே மாறிவிட்டது. அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். பாவாடைப் பகுதி விரிந்திருந்ததால் படியேறும்போது தோழி பின்னால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. ஆகவே ஒல்லியானவர்கள் என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கவுனை நான் ஒரு கல்யாணம் முழுக்கப் போட்டதில்லை, கடையில் போட்டுப் பார்த்ததும் அவளோடு கூட நின்றதும்தான் என் அனுபவம்.

பெருத்த உடம்புள்ள பெண் கேட்டால் என் பதில் சேலைதான், ஜாக்கெட்டைத் தவிர வேறெதற்கும் அளவு பார்க்க வேண்டாம் என்ற அந்த ஒரு காரணத்துக்காக. ஜாக்கெட்டைக் கையில் வாங்கியதும் வேலை முடிந்தது என்று வைத்துவிடாதீர்கள். சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள் இல்லையா, கடைசி ஓலை வாசித்த பிறகு ஒருமுறை நெட், நகை, செருப்பு எல்லாவற்றோடும் முழுக்கக் கட்டிப் பாருங்கள். முழங்காலில் நின்று, எழுந்து, கையை மேலே தூக்கி, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். எங்காவது பிடித்தால் உள்ளே விட்ட துணி இருக்கிறது, டெய்லர் ஒரு சாயங்காலத்தில் தையலைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்.