போய்சனின் வழியா, டிக்ஸின் வழியா?

நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணை நிற்கும் மருத்துவமனை மேய்ப்புப் பணிப் பயிற்சியில் எழுத்து வேலை இரண்டு வகை. ஒன்று, அன்டன் போய்சன் (1876–1965) தந்த வாழ்க்கை வரலாற்று ஆய்வு. 1920இல் மனநோயாளியாக அனுமதிக்கப்பட்டவர், 1924இல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் சாப்ளினானார், அதாவது அங்கேயே பணிபுரியும் சமய ஊழியரானார். மறுஆண்டே இறையியல் மாணவர்களை வார்டு வேலைக்கு இறக்கினார். நோயாளியை 'உயிருள்ள மனித ஆவணம்' என்றார். குடும்பம், சமய அனுபவம், நோய் தொடங்கிய விதம் எல்லாவற்றையும் திரட்ட வேண்டும். பல சந்திப்புகள் தேவை.

மற்றது, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சாப்ளின் ரஸல் டிக்ஸ் வளர்த்த உரையாடல் பதிவு. 1936இல் மருத்துவர் ரிச்சர்ட் கேபட்டுடன் சேர்ந்து நூலாகவும் எழுதினார். ஒரே சந்திப்பு, பேச்சை அப்படியே எழுதுவது. அன்றைக்கே எழுதிவிடுங்கள், மறுநாள் நினைவு தன் வசதிக்குத் திருத்திக்கொள்ளும். இன்று வழக்கமான வடிவில் ஒவ்வொரு பேச்சுக்கும் எண் இடுவார்கள்: சா1, நோ1, சா2... ('சா' சாப்ளின், 'நோ' நோயாளி). மௌனமும் அழுகையும் அடைப்புக்குள். பெயரை மாற்றிவிட வேண்டும்.

நோ4: "ராத்திரி தூக்கமே இல்ல."
சா5: "ஜெபிப்போமா?"

இந்த இரண்டு வரியிலேயே பிசகு தெரிகிறது: நோயாளியின் பயத்தைக் கேட்காமல் சாப்ளின் ஜெபத்துக்குள் ஒளிந்துகொண்டார். வரலாற்று ஆய்வில் இது அகப்படாது. அங்கே எழுதுபவரே மறைந்துவிடுகிறார், போதாததற்கு நோயறிதல் செய்யும் ஆசை வேறு.

புதியவருக்கு டிக்ஸ். நீண்டகால மனநல வார்டுக்குப் போய்சன்தான்.