வங்கி ஏலத்தில் வீடு எடுப்பதா, ஏலத்துக்கு முன்பே பேசி முடிப்பதா?

வங்கி ஏலம் என்றால் பாதி விலைக்கு வீடு என்ற பேச்சு ஓசூரிலும் உண்டு, தருமபுரியிலும் உண்டு. விலை குறைவது உண்மைதான். ஆனால் அந்தக் குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் கட்டடமல்ல, சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் பத்திரம் எப்படி இருக்கிறது என்பதும்தான். ஏலத்துக்கு வரும் வீடுகளில் பெரும்பாலானவை வங்கிக்குச் சொந்தமானவையும் அல்ல. அடமானமாக வாங்கிய வீட்டை, நீதிமன்றம் போகாமலே கடனை வசூலிக்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி வங்கியின் அதிகாரி விற்கிறார், அவ்வளவே.

ஏல அறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, சுவாதீனம் என்ற வரியை, அதாவது வீடு இப்போது யார் கைவசம் இருக்கிறது என்பதை. 'நேரடி சுவாதீனம்' என்றிருந்தால் பூட்டும் சாவியும் வங்கியிடம் இருக்கும். 'அடையாள சுவாதீனம்' என்றால் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும், அதன் கீழே வாசலில் அன்றைய கோலம் இருக்கும், கொடியில் துணி காயும். அந்தக் குடும்பத்தை வெளியேற்ற வங்கி அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடம் மனு போட வேண்டும். சட்டம் 30 நாள், அதிகபட்சம் 60 நாள் என்கிறது. நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும். கடனாளி கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போனால் இன்னும் நீளும். அதுவரை உங்கள் பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அடையாள சுவாதீன வீடு 20 சதவீதம் மலிவு என்றால்கூட நாங்கள் யோசிக்கத்தான் சொல்வோம்.

அடுத்தது பணத்தின் கெடு. ரிசர்வ் விலை, அதாவது ஏலத்தின் குறைந்தபட்ச விலை, 40 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் வைப்புத்தொகை (இ.எம்.டி.) வழக்கமான 10 சதவீதப்படி 4 லட்சம். 42 லட்சத்துக்கு ஏலம் உங்களுக்கு முடிந்தால், 25 சதவீதமான 10.5 லட்சத்தில் மீதி 6.5 லட்சத்தை அன்றே அல்லது மறு வேலைநாளில் கட்ட வேண்டும். பாக்கி 31.5 லட்சத்துக்கு, விற்பனை உறுதியான நாளிலிருந்து 15 நாள். எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். வீட்டுக் கடன் வரும் என்று நம்பி ஏலம் எடுப்பவர்கள் விழுவது இங்கேதான். கெடு தாண்டினால் கட்டிய 10.5 லட்சம் முழுவதும் போய்விடும். அதை உச்ச நீதிமன்றம் 2024-ல் சரியென்றே சொல்லிவிட்டது. கடன் அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் ஏலத்தில் உட்காராதீர்கள்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. விவசாய நிலத்தை சர்ஃபாசியில் விற்க முடியாது. மாந்தோப்பைப் பிரித்து மனை போட்ட இடங்களில் பட்டா இன்னும் புன்செய் என்றே நிற்கும். விவசாயமும் நடந்துகொண்டிருந்தால், கடனாளி அதை வைத்தே ஏலத்தைச் செல்லாததாக்க வழக்குப் போடலாம். ஆகவே 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடம், நகர ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அனுமதி எண் நான்கையும் ஏலத்துக்கு முன்பே எடுத்துப் பாருங்கள். விற்பனை 'உள்ளது உள்ளபடி' என்பதால் பின்னால் வங்கியைக் கேட்டுப் பயனில்லை. பழைய மின்கட்டண பாக்கியைக்கூட விதி இடமளித்தால் புதிய உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்று 2023-ல் தீர்ப்பு வந்திருக்கிறது.

இதற்கு மாற்றுவழி, ஏல அறிவிப்புக்கு முன்பே கடனாளியிடம் நேராக வாங்குவது. தவணை 90 நாள் தாண்டியதும் கடன் வாராக்கடனாகும். பிறகு பாக்கியைக் கட்டச் சொல்லி 60 நாள் நோட்டீஸ் வரும். விற்பனை அறிவிப்பு வெளியாகும் வரை முழு பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை கடனாளிக்கு உண்டு. அந்த இடைவெளியில் வங்கி, விற்பவர், வாங்குபவர் மூவரும் உட்கார்ந்து பேசி, வங்கியிடம் பாக்கிக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். பாக்கித் தொகையை நேரே கடன் கணக்குக்கே அனுப்புங்கள், விற்பவர் கையில் கொடுக்காதீர்கள். அடமான ரத்து ரசீதையும் கிரையத்தையும் ஒரே நாளில் பதியுங்கள். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் செலவாகும். ஏலத்தைவிட விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் சாவி அன்றே கைக்கு வரும், வங்கிக் கடனும் சிரமமில்லாமல் கிடைக்கும், விற்கிற குடும்பத்துக்கும் நாலு காசு மிஞ்சும். குடியிருக்க வாங்குபவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

அக்கம்பக்கத்து விலையில் ஏலம் என்ன செய்யும்? ஓசூரில் தொழிற்சாலை வேலைக்கு வருபவர்களும் பெங்களூருக்குப் போய்வருபவர்களும் தொடர்ந்து வீடு தேடுவதால், ஒரு தெருவில் இரண்டு ஏலம் வந்தாலும் சந்தை தாங்கும். தருமபுரியில் ஒரு லேஅவுட்டில் வருடத்துக்கு நாலைந்து கிரையம்தான் நடக்கும் என்றால், அதில் ஒன்று ஏலமாக இருந்தாலே எல்லோரும் அந்த விலையைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஏலம் போகாவிட்டால் ரிசர்வ் விலையைக் குறைத்து, 15 நாள் அறிவிப்பில் மறுபடி ஏலம் வரும். ஒவ்வொரு குறைப்பும் பக்கத்து வீட்டுக்காரரின் பேரத்தில் எதிரொலிக்கும். அப்படி உங்களிடம் யாராவது ஏல விலையைக் காட்டிக் குறைத்துக் கேட்டால், பொதுத்துறை வங்கிகளின் ஏல அறிவிப்புகள் வரும் பாங்க்நெட் இணையதளத்தில் அந்த அறிவிப்பைத் திறந்து சுவாதீன வரியை அவருக்கே காட்டுங்கள். அடையாள சுவாதீனம் என்றிருந்தால், குடியேறத் தயாராக இருக்கும் உங்கள் வீட்டுக்கு அந்த விலை பொருந்தாது.