பேப்பர் பீஸிங் பெட்டி: ஸ்டாம்புக்காக வாங்கலாம், பசையை நம்பி வாங்காதீர்கள்

வாழ்த்து அட்டை செய்யப் பழகுபவர்களுக்கென்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அதில் பேப்பர் பீஸிங்குக்கான பெட்டி ஒன்றை வாங்கி நன்றாகப் புழங்கிப் பார்த்தாயிற்று. பெயரைச் சொல்லப் போவதில்லை, திட்டுவதற்கு நிறைய இருக்கிறது. தவிர இந்த வகைப் பெட்டிகளில் இருக்கும் சாமான்கள் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் நீங்கள் வேறு எதை வாங்கினாலும் கீழே சொல்வது உதவும்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு: ஒரே ஸ்டாம்பை, அதாவது மை தொட்டுக் குத்தும் பட முத்திரையை, வெள்ளை அட்டையில் ஒரு தரமும், பூப்போட்ட அல்லது கோடு போட்ட டிசைன் பேப்பரில் இன்னொரு தரமும் குத்த வேண்டும். டிசைன் பேப்பரில் விழுந்த படத்திலிருந்து கவுனை மட்டும், அல்லது குடையை மட்டும் வெட்டியெடுத்து, அட்டையில் இருக்கும் படத்தின் மேல் அதே இடத்தில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். வண்ணம் தீட்டவே வராது என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது, ஏனென்றால் கண்ணைக் கவரும் வேலையைப் பேப்பரே பார்த்துக்கொள்கிறது. முகம், கை, கால் மட்டும் மிஞ்சும், அதற்குக் கலர் பென்சில் போதும். தண்ணீர் கலந்த ஸ்கெட்ச் பேனாவைத் தொடாதீர்கள், சாதாரண ஸ்டாம்ப் மை (சாயத்தால் ஆன டை இங்க்) அதில் கரைந்து கறுப்புக் கோடு கன்னத்துக்கு இழுபடும்.

பெட்டியில் நல்லது எது என்றால், ஸ்டாம்புகள். கண்ணாடி மாதிரி ஊடே பார்க்கக்கூடிய வகை, அக்ரிலிக் கட்டையில் ஒட்டிக் குத்தும்போது படம் எங்கே விழப் போகிறது என்பது மேலிருந்தே தெரியும். இந்த வேலைக்கு அது ரொம்ப முக்கியம், டிசைன் பேப்பரில் எந்தப் பூ கவுனின் நடுவில் வர வேண்டும், கோடுகள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைக் குத்தும்போதே முடிவு செய்துவிடலாம். படங்களையும் யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்: குடை, கவுன் போட்ட சிறுமி, பலூன், கெட்டில், குண்டுப் பறவை. எல்லாமே பெரிய பெரிய மூடிய வடிவங்கள், பொடி வளைவுகள் குறைவு. கறுப்பு இங்க் பேடும் பரவாயில்லை, சாதாரணத் தாளில் சீக்கிரம் காய்கிறது. வழுவழுப்பான தாளில் மட்டும் காய நேரமெடுக்கும், விரல் பட்டால் ஈஷிக்கொள்ளும்.

டிசைன் பேப்பர் கட்டு பாதிக்குப் பாதி. தாளின் கனம் சரி, மெல்லிசாக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினாலும் தடிக்காது. ஆனால் அச்சின் அளவைப் பாருங்கள்! பறவையே இரண்டு விரல் அகலம்தான், தாளில் இருக்கும் ரோஜாவோ உள்ளங்கை அகலம். அதில் பறவையை வெட்டினால் ரோஜா தெரியாது, ஏதோ இளஞ்சிவப்புக் கறைதான் தெரியும். பொடிப் புள்ளி, மெல்லிய கோடு, சின்னக் கட்டம், கடுகுப் பூ, இவைதான் பீஸிங்குக்கு உதவும். கட்டில் அப்படிப்பட்ட தாள்கள் குறைவு, அவைதான் முதலில் தீர்ந்து போகின்றன.

கோடு போட்ட தாளில் ஒரு வித்தை உண்டு, பெட்டியோடு வரும் கையேட்டில் இது இல்லை. குடையை ஒரே துண்டாக வெட்டாமல், கம்பிக்குக் கம்பி நடுவில் இருக்கும் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் குத்தி வெட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டாம்பைக் கொஞ்சம் திருப்பி, அந்தப் பகுதியின் கோடுகள் குடையின் உச்சியை நோக்கி ஓடுகிற மாதிரி குத்த வேண்டும். ஒன்று விட்டு ஒன்று வேறு தாளிலும் எடுக்கலாம். ஒட்டி முடித்ததும் குடை உண்மையிலேயே விரிந்து வளைந்து நிற்கிற மாதிரி இருக்கும், நிழல் போட்டுக் கஷ்டப்பட வேண்டியதே இல்லை.

இப்போது கத்தரிக்கோல். பார்க்க அழகாக, சின்னதாக இருக்கிறது, ஆனால் முனை மழுங்கல். அலகின் நடுவில் நன்றாக வெட்டுகிறது, முனையில் தாளை மென்று துப்புகிறது. இந்த வேலையோ முழுக்க முனையில்தான் நடக்கிறது! முனை மெலிந்த, கூரான கத்தரிக்கோல் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள், மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் வேண்டாம். வெட்டும்போது கத்தரிக்கோல் பிடித்த கை அசையாமல் இருக்கட்டும், இடது கையால் தாளைத் திருப்பிக்கொண்டே போங்கள். கையைத் திருப்பினால் வளைவு முழுக்க மூலை மூலையாக வரும். உள்மடங்கிய இடங்களில், அதாவது பறவையின் கழுத்தும் இறகும் சேரும் இடம் மாதிரி, ஒரு பக்கத்திலிருந்து மூலை வரை வெட்டி நிறுத்தி, மறுபக்கத்திலிருந்து வந்து அதைச் சந்திக்க வேண்டும். அங்கே கத்தரிக்கோலைத் திருகினால் தாள் கிழியும்.

கறுப்புக் கோட்டை வைத்து வெட்டுவதா, விட்டு வெட்டுவதா என்று எல்லோருக்கும் சந்தேகம் வரும். கையேடு கோட்டுக்கு உள்ளே வெட்டச் சொல்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. உள்ளே வெட்டும்போது ஒரு மயிரிழை அதிகம் போனாலும் துண்டுக்கும் கோட்டுக்கும் நடுவே அட்டையின் வெள்ளை எட்டிப் பார்க்கும். கோட்டின் வெளி ஓரத்தை ஒட்டியே வெட்டினால் கை லேசாக ஆடியது கறுப்பிலேயே மறைந்துவிடும், துண்டும் கீழே இருக்கும் கோட்டை மூடிக்கொள்ளும். வெட்டிய ஓரத்தில் தாளின் வெள்ளை தெரிந்தால், துண்டைப் பின்புறமாகப் பிடித்து, கறுப்பு மார்க்கரைச் சாய்த்து ஓரத்தில் ஒரு ஓட்டு ஓட்டுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்த அட்டையும் செய்யாத அட்டையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரியும்.

பசை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தண்ணியாக ஒரு வெள்ளைப் பசை, அதற்குப் பெரிய வாய் வைத்த பாட்டில். மெல்லிய தாளில் ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறினால் அந்தப் பக்கத்து நார் உப்பும், தாள் சுருளும், காய்ந்த பிறகும் சுருக்கம் முழுக்கப் போகாது. பெட்டிப் பசையைத்தான் தீர்க்க வேண்டுமென்றால் பல்குச்சி நுனியில் தொட்டு, துண்டின் நடுவில் பொட்டுப் பொட்டாக வைத்து, மேலே கனமான புத்தகம் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒட்டும் ஷீட் கிடைக்கிறது, அதை டிசைன் பேப்பரின் பின்னால் முதலிலேயே ஒட்டிவிட்டு அப்புறம் ஸ்டாம்ப் குத்தி வெட்டினால், ஸ்டிக்கர் மாதிரி உரித்து ஒட்டிவிடலாம். ஒட்டிய பின் நகர்த்த முடியாது என்பது ஒரு தொல்லை, கத்தரிக்கோலில் பிசுபிசுப்பு ஏறுவது இன்னொன்று, ஆனாலும் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. குழந்தைகளுக்கு சாதாரண குளூ ஸ்டிக்.

கையேட்டில் இரண்டாவது முறை, ஸ்டாம்ப் இல்லாமல் அச்சுப் படத்தைத் தாளின் பின்னால் வரைந்து வெட்டுவது. அங்கே முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார்கள்: பின்னால் வரைந்தால் வடிவம் இடம் வலமாக மாறும். பலூனுக்குப் பரவாயில்லை, கெட்டிலின் மூக்கு எதிர்ப்பக்கம் போய்விடும், எழுத்தாக இருந்தால் சொல்லவே வேண்டாம். படத்தை ஜன்னல் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, வெளிச்சத்தில் தெரிவதைப் பின்னாலிருந்து வரைந்துகொண்டால் சரியாக வரும்.

மூன்றாவது முறையான ஐரிஸ் ஃபோல்டிங்குக்கு ஒரு ஓரத்தில் நாலு வரிதான். அநியாயம், உண்மையில் கை நடுங்குபவர்களுக்கும் வெட்ட அலுத்தவர்களுக்கும் ஏற்றது இதுதான். நெதர்லாந்திலிருந்து வந்தது. அட்டையில் வடிவத்தை ஓட்டையாக வெட்டி, கவிழ்த்து வைத்து, இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டைகளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பு நடுவைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பக்கமாகச் சுற்றி வந்து டேப் போட வேண்டும். பட்டைகளை நேராக வெட்டினால் போதும், வளைவே கிடையாது. திருப்பிப் பார்த்தால் கேமரா லென்ஸின் இதழ்கள் மாதிரி சுருண்டு போயிருக்கும்.

அட்டைகளும் உறைகளும் ஏ6, சி6 அளவு, அதாவது 105க்கு 148 மில்லிமீட்டர் அட்டை, 114க்கு 162 உறை. அளவில் குறையில்லை. மடிப்புதான் வெடிக்கிறது, தாளின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மடித்திருக்கிறார்கள். சொந்தமாக அட்டை வெட்டுபவர்கள் தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்த வாக்கில் எளிதாக வளைகிறதோ அந்த வாக்கில் மடிப்பை வையுங்கள். துண்டைத் தூக்கிக் காட்ட வைத்திருக்கும் ஃபோம் சதுரங்கள் ரொம்பத் தடிமன், கையில் கொடுக்கும் அட்டைக்கு சரி, தபாலில் போவதென்றால் உறை புடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு மில்லிமீட்டர் ஃபோம் டேப் போதும்.

ஆக, ஸ்டாம்பும் இங்க் பேடும் தனியாகக் கிடைத்தால் அவற்றை மட்டும் வாங்கி, நல்ல கத்தரிக்கோலும் பொடி டிசைன் பேப்பரும் சேர்த்துக்கொள்வதுதான் என் யோசனை. ஏற்கெனவே பெட்டி வாங்கி அந்த உள்ளங்கை ரோஜாத் தாள்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், அவற்றை உறையின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், பீஸிங்குக்கு ஆகாத அந்தப் பெரிய பூ அங்கே ஜோராக இருக்கிறது.