பாப்பிரஸ் விமர்சனம்: ஓசிஎஸ்எம்பி தேர்வுக்கு இந்த இலவசக் கருவி எவ்வளவு தூரம் துணை வரும்?

அலுவலகத்தில் இருக்கும் மாடலிங் மென்பொருளை வீட்டு லேப்டாப்பில் போட முடியாது. உரிமம் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். தனி ஆள் காசு கொடுத்து வாங்குகிற விலையும் அதற்கு இல்லை. ஒரகடம், மகேந்திரா சிட்டி, ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே ஓசிஎஸ்எம்பி என்ற சிஸ்டம் மாடலிங் சான்றிதழ் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு எக்ளிப்ஸ் பாப்பிரஸ் அதனால்தான் முக்கியமாகிறது. பிரான்ஸின் சிஇஏ ஆய்வு நிறுவனம் வளர்த்துவரும் திறந்த மூலக் கருவி இது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், காலக்கெடு எதுவும் கிடையாது.

ஓசிஎஸ்எம்பி என்பது மாடலிங் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு நடத்தும் சிஸ்எம்எல் சான்றிதழ். ஓர் அமைப்பின் பாகங்களையும் நடத்தையையும் படங்களாக வரையும் மொழிதான் சிஸ்எம்எல். மாடல் யூசர், மாடல் பில்டர் ஃபண்டமென்டல், இன்டர்மீடியட், அட்வான்ஸ்ட் என்று நான்கு படி. கீழ்ப்படியைத் தாண்டாமல் மேற்படிக்குப் போக முடியாது. முதல் இரண்டு படிகளும் சிஸ்எம்எல்லின் அடிப்படைக் கூறுகளைக் கேட்கின்றன. முதல் படியில் வரைந்த படத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும், இரண்டாம் படியில் வரையவும் தெரிய வேண்டும். இங்கே பேசுவது இந்த இரண்டு படிகளை மனத்தில் வைத்து.

நிறுவும்போதே பலர் தடுக்கி விழுகிறார்கள். பாப்பிரஸை மட்டும் இறக்கினால் மென்பொருளுக்கான மாடலிங் மொழியான யுஎம்எல்தான் கிடைக்கும். சிஸ்எம்எல் 1.6 தனிக் கூறு. அதைப் பிறகு சேர்க்க வேண்டும். உங்களிடம் உள்ள பாப்பிரஸ் பதிப்புக்கு ஏற்ற சிஸ்எம்எல் கூறை எடுக்காவிட்டால் பாதி வழியில் சார்புப் பிழை காட்டி நின்றுவிடும். ஒரு தடவை சரியாக ஓடிவிட்டால், தேர்வு முடியும்வரை அப்டேட் பக்கமே போகாதீர்கள். 8 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. 4 ஜிபியில் ஓடும், ஆனால் ஒவ்வொரு டயகிராமைத் திறக்கும்போதும் காத்திருக்க வேண்டும்.

ஒரு மாடலைச் சேமித்தால் டிஐ, நொட்டேஷன், யுஎம்எல் என்று மூன்று கோப்பு உருவாகும். யுஎம்எல் கோப்பில் இருப்பது மாடல், நொட்டேஷன் கோப்பில் இருப்பது படங்கள். கூடப் படிக்கும் நண்பருக்கு ஒரு கோப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவரால் எதையும் உருப்படியாகத் திறக்க முடியாது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் போய்ப் பெயரை மாற்றினாலும் ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பு அறுந்துவிடும். பெயர் மாற்றத்தை பாப்பிரஸ் ஓடும் எக்ளிப்ஸுக்கு உள்ளேயே செய்யுங்கள். அனுப்பும்போது முழு ஃபோல்டரையும் ஜிப் செய்யுங்கள்.

பயிற்சிக்கு விமானமும் செயற்கைக்கோளும் வேண்டாம். சென்னை வீட்டின் தண்ணீர் ஏற்பாடே போதும்: கீழே சம்ப், நடுவில் மோட்டார், மொட்டை மாடியில் டேங்க், தானாக மோட்டாரை நிறுத்தும் லெவல் கன்ட்ரோலர். சிஸ்எம்எல்லின் ஒன்பது வகை டயகிராமுக்கும் இதிலேயே வேலை இருக்கிறது. எது சரி, எது தப்பு என்று உங்களுக்கே தெரியும் என்பதால் கவனம் முழுக்கக் குறியீட்டின் மேல் இருக்கும்.

அமைப்பின் கூறுகளை பிளாக் என்ற பெட்டிகளாகக் காட்டும் பிளாக் டெஃபினிஷன் டயகிராமில் தொடங்குங்கள். வீட்டு நீர் அமைப்பு என்ற பிளாக்கிலிருந்து சம்ப், மோட்டார், டேங்க் மூன்றுக்கும் கருப்பு வைரம் போட்ட கோடு. மெட்ரோ வாட்டர் லாரிக்கு மட்டும் வைரம் இல்லாத கோடு. லாரி வரும், தண்ணீர் விடும், போய்விடும், வீட்டின் பாகம் ஆகாது. இப்போது இடப்பக்கம் மாடல் எக்ஸ்ப்ளோரரைப் பாருங்கள். நீங்கள் வரைந்தது கோடுதான், ஆனால் பிளாக்குக்குள் ப்ராப்பர்ட்டிகள் முளைத்திருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டுக் கீழே ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் அக்ரிகேஷன் என்ற இடத்தைப் பாருங்கள். சம்புக்கு காம்பசிட், லாரிக்கு நன். பிளாக்கை வகையாகக் கொண்டு காம்பசிட் ஆக இருந்தால் பார்ட், நன் ஆக இருந்தால் ரெஃபரன்ஸ்; கொள்ளளவு போல வேல்யூ டைப்பை வகையாகக் கொண்டது வேல்யூ ப்ராப்பர்ட்டி. மனப்பாடம் செய்தவர்கள் தேர்வில் குழம்புகிற இந்தப் பகுதி, பாப்பிரஸில் ஒரு மணி நேரம் கிளிக் செய்து பார்த்தவர்களுக்குக் குழம்பாது. இந்தக் கருவியைப் பரிந்துரைக்க இந்த ஒரு காரணமே போதும்: படத்துக்குப் பின்னால் இருக்கும் மாடலை அது மறைப்பதில்லை.

பக்கத்து வீட்டு பிளாக்கிலிருந்தும் அதே சம்ப் பிளாக்குக்குக் கருப்பு வைரம் போட்டுப் பாருங்கள். அது தப்பு என்று பலர் நினைக்கிறார்கள், தப்பில்லை. சம்ப் என்பது இங்கே வகை. ஒரே ஒரு நிஜ சம்ப் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்குப் பாகமாக இருக்கக் கூடாது என்பதுதான் விதி. வைரம் உள்ள முனையில் எண்ணிக்கை எழுதாவிட்டால் 0..1 என்றும், பாகம் உள்ள முனையில் எழுதாவிட்டால் 1 என்றும் கொள்ள வேண்டும்.

இன்னொன்று, டயகிராமில் ஒரு பெட்டியை மறைப்பது வேறு, மாடலிலிருந்தே நீக்குவது வேறு. பாப்பிரஸில் இரண்டும் தனித்தனிக் கட்டளை. அவசரத்தில் நீக்கிவிட்டால் மற்ற எல்லாப் படங்களிலிருந்தும் அது காணாமல் போகும். கோபம் வரும், ஆனால் படம் என்பது மாடலின் ஒரு பார்வை மட்டுமே என்ற பாடத்தை இதைவிட அழுத்தமாக வேறெதுவும் சொல்லித் தராது.

பிளாக்கின் இணைப்பு வாயான போர்ட் பகுதியில் பதிப்பைக் கவனியுங்கள். சிஸ்எம்எல் 1.3-இல் ஃபுல் போர்ட், ப்ராக்ஸி போர்ட் இரண்டும் வந்தன. பழைய ஃப்ளோ போர்ட் கைவிடப்பட வேண்டியவற்றின் பட்டியலுக்குப் போனது. உங்கள் தேர்வின் பாடப்பகுதி எந்தப் பதிப்பைச் சொல்கிறது என்று ஓஎம்ஜி தளத்தில் பார்த்துவிட்டே புத்தகத்தைத் திறங்கள். ப்ராக்ஸி போர்ட்டுக்கு இன்டர்ஃபேஸ் பிளாக் மட்டுமே வகையாக வரும். மோட்டாரின் உறிஞ்சு வாயில் தண்ணீர் உள்ளே வருகிறது என்றால், சம்பின் வெளி வாய்க்கு அதே இன்டர்ஃபேஸ் பிளாக்கை அலைக்குறி போட்டுக் கொடுக்கலாம். இன் அவுட்டாகும், அவுட் இன்னாகும், இன்அவுட் அப்படியே இருக்கும்.

இனி கருவி கைவிடும் இடங்கள். வேலிடேஷன் கட்டளை இருக்கிறது, பச்சையாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள். ‘டேங்க் நிரம்பி வழியக் கூடாது’ என்பது மூல ரிக்வயர்மென்ட். ‘மட்டம் 95% தொட்டால் 5 நொடிக்குள் மோட்டார் நிற்க வேண்டும்’ என்பது அதிலிருந்து வருவித்தது. டிரைவ் அம்பு வருவித்ததிலிருந்து மூலத்தை நோக்கிப் போக வேண்டும். தலைகீழாகப் போட்டாலும் இலக்கணப்படி பிழை இல்லை. இரண்டு முனையிலும் இருப்பது ரிக்வயர்மென்ட்தானே. யூஸ் கேஸிலும் இதே கதை. இன்க்ளூட் அம்பு அடிப்படை யூஸ் கேஸிலிருந்து சேர்க்கப்படுவதை நோக்கி, எக்ஸ்டெண்ட் அம்பு நீட்டிப்பதிலிருந்து அடிப்படையை நோக்கி. சாட்டிஸ்ஃபை வடிவமைப்பிலிருந்து ரிக்வயர்மென்ட்டுக்கு, வெரிஃபை டெஸ்ட் கேஸிலிருந்து ரிக்வயர்மென்ட்டுக்கு. எது எதைச் சார்ந்திருக்கிறதோ, அதிலிருந்து அம்பு கிளம்பும் என்று பிடித்துக்கொண்டால் இந்த ஐந்தும் தானே வரும்.

ஆக்டிவிட்டி டயகிராமில் இதைவிடப் பெரிய பள்ளம். மோட்டாரை ஓடவிடு என்ற ஆக்‌ஷனுக்குக் கை சுவிட்சிலிருந்து ஒரு கோடு, லெவல் கன்ட்ரோலரிலிருந்து ஒரு கோடு. வரைந்தவர் நினைத்தது ‘இரண்டில் எது வந்தாலும்’. படம் சொல்வது ‘இரண்டும் வந்தால்தான்’. ஓர் ஆக்‌ஷனுக்குள் வரும் எல்லாக் கன்ட்ரோல் ஃப்ளோவிலும் டோக்கன், அதாவது ‘தொடங்கலாம்’ என்ற அடையாளம், வந்தால்தான் அது தொடங்கும். இடையில், எது வந்தாலும் கடத்திவிடும் ஒரு மெர்ஜ் நோட் வேண்டும். பாப்பிரஸ் இதைப் பற்றி வாயே திறக்காது.

ஸ்டேட் மெஷினில் இன்னும் நுட்பமான ஒன்று. டேங்க் மட்டம் 25%-க்குக் கீழே போனால் என்பது நிலை மாற்றத்தைத் தூண்டும் ட்ரிகர், சம்பில் 15%-க்கு மேல் தண்ணீர் இருந்தால் என்பது அதை அனுமதிக்கும் நிபந்தனையான கார்ட். பார்வைக்குச் சரிதான். ஆனால் மட்டம் 25%-ஐக் கடந்து இறங்கும் அந்தக் கணத்தில் சம்ப் காலியாக இருந்தால் கார்ட் பொய்யாகிவிடும், நிகழ்வு வீணாகிவிடும். அரை மணி கழித்து லாரி வந்து சம்ப் நிறைந்தாலும் மோட்டார் ஓடாது, ஏனென்றால் மாற்ற நிகழ்வு பொய்யிலிருந்து மெய்யாகும்போது மட்டுமே எழும். இரண்டு நிபந்தனையையும் ட்ரிகரின் ‘வென்’ (when) அடைப்புக்குள் ஒன்றாக எழுதினால் சரியாகிவிடும். இப்படிப்பட்ட கேள்விக்கு நான்கு விடைகளில் மூன்று நியாயமாகவே தோன்றும். கருவி எதுவும் அங்கே கைகொடுக்காது.

சமன்பாடுகளைக் காட்டும் பாராமெட்ரிக் டயகிராமை வரையலாம். 2,000 லிட்டர் டேங்கை நிமிடத்துக்கு 40 லிட்டரில் நிரப்ப 50 நிமிடம் என்று பாப்பிரஸ் தானாகக் கணக்குப் போட்டுக் காட்டாது. அது குறையே இல்லை. பைண்டிங் கனெக்டர் எதை எதோடு சமன் செய்கிறது, கன்ஸ்ட்ரெயின்ட் பாராமீட்டருக்குத் திசை கிடையாது என்பவை தெளிவாக இருந்தால் போதும். சீக்வென்ஸ் டயகிராம்தான் உண்மையிலேயே பலவீனம். லைஃப்லைனை நகர்த்தினால் மெசேஜ்கள் இடம் மாறும், ஃபிராக்மென்ட்டை இழுத்தால் அளவு கெடும். ஒத்திசைவு மெசேஜுக்கு நிரப்பிய முனை, ஒத்திசைவில்லாததற்குத் திறந்த முனை, பதிலுக்கு இடைவிட்ட கோடு. இதைக் காகிதத்தில் பழகுவது விரைவு.

மாற்று வேண்டுமா? காஃபர் இலகுவானது, பழைய லேப்டாப்பிலும் சட்டென்று திறக்கும். மாடல் யூசர் படியோடு நிறுத்துபவர்களுக்கு அதுவே போதும். என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் 30 நாள் சோதனைப் பதிப்பாகக் கிடைக்கும், ஆனால் வேலைக்கு நடுவில் படிப்பவருக்கு 30 நாள் பறந்துவிடும். கபெல்லா நல்ல கருவி, ஆனால் அது ஆர்காடியா என்ற வேறொரு வடிவமைப்பு முறைக்குரியது. குறியீடுகளும் சொற்களும் வேறு என்பதால் இந்தத் தேர்வுக்கு முன் தொட வேண்டாம். 2025-இல் ஓஎம்ஜி ஏற்ற சிஸ்எம்எல் இரண்டாம் பதிப்பையும் அதே காரணத்துக்காகத் தள்ளிவையுங்கள். அங்கே பிளாக் என்ற சொல்லே பார்ட் டெஃப் ஆகிவிட்டது.

தேர்வுக்குக் கடைசிப் பத்து நாளில் பாப்பிரஸை மூடிவிடுங்கள். வரைந்த படங்களை அச்செடுத்து, தினம் ஐந்து எடுத்து, ஃபிரேமின் தலைப்பிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்: எந்த வகை டயகிராம், ஃபிரேம் எந்த மாடல் கூறைக் குறிக்கிறது, அதன் பெயர் என்ன. ஐபிடியில் (இன்டர்னல் பிளாக் டயகிராம்) திடக்கோட்டுப் பெட்டி பார்ட், இடைவிட்ட கோட்டுப் பெட்டி ரெஃபரன்ஸ் என்று கண்ணே சொல்ல வேண்டும்.

பியர்சன் வியூ தளத்தில் தேர்வுக்குப் பதியும்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நம் ஊரில் அலுவலகப் பதிவுகளில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இரண்டு விதமாக இருப்பது சாதாரணம். வேறுபாடு இருந்தால் தேர்வு நாளுக்கு முன்பே அவர்களின் வாடிக்கையாளர் சேவையில் சொல்லித் திருத்திவிடுங்கள்.