மில்வாக்கி: கம்பத்துக்கு எந்தக் கொடி?

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் கொடிச் சண்டை ஒன்று உண்டு. ஒரு பக்கம், 1954-இல் நகர மன்றம் ஏற்ற கொடி. இன்னொரு பக்கம், 2016-இல் பொதுப் போட்டியில் வென்ற ‘ஏரிமேல் சூரியோதயம்’. வென்ற கையோடு அது அதிகாரபூர்வக் கொடி ஆகிவிடவில்லை.

பழையது ஒரு கூட்டாஞ்சோறு. போட்டிக்கு வந்த பல படங்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்தவர் ஃபிரெட் ஸ்டெஃபன் என்ற மன்ற உறுப்பினர். நீலத் துணியில் பல்சக்கரம், பூர்வகுடி ஒருவரின் தலை, நகர மண்டபம், தேவாலயம், பேஸ்பால் மைதானம், கப்பல், பார்லிக் கதிர். போதாக்குறைக்கு ஊர்ப்பெயரும் 1846 என்ற ஆண்டும். வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் 2004-இல் 150 நகரக் கொடிகளுக்கு நடத்திய வாக்கெடுப்பில் இதற்கு 147-ஆம் இடம்.

இது ஏன் தோற்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். 5 அடி நீளக் கொடி 100 அடி தள்ளிப் பறந்தால், இரண்டரை அடி தூரத்தில் பிடித்த ஒன்றரை அங்குலத் தாள் அளவுதான் கண்ணுக்குத் தெரியும். அந்த அளவில் அச்சடித்துப் பாருங்கள்: பழைய கொடியில் மிஞ்சுவது நீலத்தின்மேல் ஒரு கறை. எழுத்து இருப்பதால் இன்னொரு தொல்லை. ஒற்றைத் துணியில் அச்சடித்தால் பின்பக்கம் ஊர்ப்பெயர் தலைகீழாக அல்ல, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரியும். அதைத் தவிர்க்க இரண்டு துணி, நடுவே ஒளி புகாத மறைப்புத் துணி என மூன்றடுக்கு வேண்டும். கனம் கூடிவிடும், இளங்காற்றில் கொடி விரியாமல் கம்பத்தோடு தொங்கும்.

ராபர்ட் லென்ஸ் வடிவமைத்த புதியதில் எழுத்தே இல்லை. மேலே பொன்மஞ்சள், பீர் வடித்த ஊரின் நிறம். கீழே நீலம், மிச்சிகன் ஏரி. நடுவில் வெள்ளை வட்டம், சூரியனும் நீரில் அதன் பிம்பமும். கீழ்ப்பாதியின் வெளிர்நீலப் பட்டைகள் மூன்று ஆறுகளையும், ஒன்றுசேர்ந்து நகரமான மூன்று ஊர்களையும் குறிக்கின்றன.

குறையும் உண்டு. மஞ்சள்மேல் வெள்ளை எடுப்பாகத் தெரியாது. மங்கிய வெயிலில் மேல்பாதிச் சூரியன் கரைந்துபோகும். தைப்பவருக்கு வட்டம்தான் வினை: வளைவில் துணியை இழுத்துத் தைத்தால் சுருங்கும்.

தெற்கே 90 மைலில் இருக்கும் சிக்காகோவின் கொடியும் இப்படி ஒரு பொறி வைத்திருக்கிறது. அதன் நான்கு சிவப்பு நட்சத்திரங்களுக்கு ஆறு முனை, ஒவ்வொன்றும் 30 பாகைக் கூர்மை. இரண்டு முக்கோணங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வரைந்தால் 60 பாகை ஆகி, யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரம் வந்து நிற்கும்.

வெளிக் கம்பத்துக்கு 2016 கொடியே சரி. கம்பத்துக்கு எதிர்ப்பக்கம் பறக்கும் ஓரத்தில்தான் முதலில் நூல் பிரியும் என்பதால், அங்கே நான்கு வரிசைத் தையல் கேட்டு வாங்குங்கள். பழையதைச் சுவரில் விரித்து, பக்கத்தில் நின்று பார்க்கலாம். படங்கள் அப்போதுதான் பிடிபடும்.