ஒப்ளீக் ஸ்ட்ராட்டஜீஸ்: யோசனை முட்டி நிற்கும்போது எடுக்க ஒரு சீட்டுக்கட்டு

இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975இல் வெளியிட்ட சீட்டுக்கட்டு இது. கறுப்புப் பெட்டிக்குள் நூற்றுக்கு மேற்பட்ட சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஓரிரு வரிதான். தவறைக் களையாமல், அதை உள்மனம் வேண்டுமென்றே செய்ததாக மதிக்கச் சொல்கிறது ஒரு சீட்டு. முதுகில் தட்டி எழுப்புகிற வரி அது!

பலர் சறுக்குவது பயன்படுத்தும் முறையில். பிடித்த சீட்டு வரும்வரை உருவிக்கொண்டே இருந்தால், ஏற்கெனவே நினைத்ததைத்தான் உறுதிசெய்துகொள்வீர்கள். முதலில் உங்கள் யோசனையை ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு சீட்டை மட்டும் எடுங்கள். படித்ததும் எரிச்சலா, ஆவலா, நெஞ்சில் இறுக்கமா? அதை அப்படியே குறித்துவையுங்கள். எரிச்சல் வந்தால் அந்தச் சீட்டை விடாதீர்கள். பெரும்பாலும் நீங்கள் தவிர்க்கும் இடம் அங்கேதான் இருக்கும். பத்து நிமிடம் அது சொல்வதைச் செய்துவிட்டு, முதல் வரியைத் திருத்தி எழுதி, துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்தச் சொல்லில் புருவம் சுருக்குகிறாரோ, யோசனை இன்னும் தெளியாத இடம் அதுதான்.

சில சீட்டுகள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே உரியவை. எழுத்தாளர்கள் அவற்றைத் தனியே எடுத்துவைக்கலாம். முழுப்பெட்டி விலை அதிகம். தொடங்குவதற்கு, வெற்று அட்டைகளில் நீங்களே எழுதிய இருபது வரிகள் போதும்.